இஸ்திரி போட்ட திருட்டு

அலமாரியில் மறுபடியும் மூன்று துண்டுகளைக் காணோம்.

பன்னிரண்டு இருக்க வேண்டும். ருஸ்லானா இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். ஒன்பதுதான்.

எங்கள் ஊர் மன்றத்தில் நடனம், ஓட்டுப்பதிவு, தடுப்பூசி எல்லாம் ஒரே கூடத்தில்தான். மூலையில் இருக்கும் அறைக்கு மட்டும் அருங்காட்சியகம் என்று பெயர். ஓர் ஒடிந்த ராட்டை, பழைய கூட்டுப்பண்ணைத் தலைவரின் தொப்பி, பிறகு அந்தக் காலத்துப் பெண்கள் சிவப்பும் கறுப்புமாகப் பூத்தையல் போட்ட நீள நீளமான துண்டுகள். உண்மையைச் சொன்னால், பார்க்கத் தகுந்தது அந்தத் துண்டுகள் மட்டும்தான். ஆறு வருஷம் போலந்தில் ஸ்ட்ராபெரி பறித்துவிட்டு, போன இலையுதிர் காலத்தில் ஊர் திரும்பிய ருஸ்லானாதான் இப்போது இந்த அறைக்குப் பொறுப்பு.

காணாமல் போவதுகூடப் பரவாயில்லை. மூன்று நாளில் திரும்பி வந்துவிடுகிறதே, அதுதான் அவளுக்குப் புரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு தரம், கடும்பனியில் ஒரு தரம். இரண்டு தரமும் துவைத்து, இஸ்திரி போட்டு, சோப்பு வாசனையோடு வந்தன. எந்த ஊர்த் திருடன் இஸ்திரி போட்டுத் திருப்பித் தருகிறான்?

அந்த அறைக்கு இன்னொரு சாவி வைத்திருப்பது ஒரே ஆள். கூட்டித் துடைக்கும் பராஸ்கா.

"பராஸ்கா அக்கா, துண்டு எங்கே?"

"வந்துடும்."

"வந்துடுமா? அதென்ன, மேயப் போன மாடா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடும்மா. கவலைப்படாதே."

"வியாழக்கிழமை மாவட்ட அதிகாரி வந்து எண்ணுவாரு. அவர்கிட்டயும் 'வந்துடும்'னு சொல்லவா?"

பராஸ்கா வாளியில் துணியைப் பிழிந்தாள்.

"எனக்குத் தெரியும். பொண்ணும் மாப்பிள்ளையும் இந்தத் துண்டு மேல நின்னுதானே கல்யாணம் பண்ணிக்கறாங்க, அந்த வீடுகளுக்கு வாடகைக்கு விடறீங்க. அதானே?"

"ஈஸ்டர் நோன்புக் காலத்துல எவன்மா கல்யாணம் பண்றான்?"

அதுவும் சரிதான். ருஸ்லானாவுக்குக் குழப்பம் இன்னும் கூடியது. குழப்பம் கூடக் கூடக் கோபம் வந்தது.

"அப்போ எதுக்குத்தான் எடுத்தீங்க?"

"சொல்ல முடியாதும்மா."

"சொல்ல முடியாதுன்னா திருட்டுன்னுதான் அர்த்தம்! எங்கப்பா பெரிய குடிகாரர்தான். வீட்டுல இருந்த சாமான் அத்தனையும் வித்துக் குடிச்சாரு. ஆனா அடுத்தவங்க துண்டை அவர் தொட்டதில்லை, தெரியுமா?"

பராஸ்காவின் கை சட்டென்று நின்றது. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"எழுதிக் கொடுக்கணும்னா எழுதிக் கொடும்மா."

ருஸ்லானா மாவட்டத்துக்குப் புகார் எழுதினாள். அந்தக் காகிதம் போனால் பராஸ்காவின் வேலையும் போகும். எழுதி முடித்தும் மனசு ஆறவில்லை.

மதியம் கோயில் மணி அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தால் சவ ஊர்வலம். தேனீ வளர்க்கும் கிழவர் ஹ்னாத் முந்தாநாள் செத்துப்போயிருந்தார். உறவென்று யாரும் இல்லாததால் பின்னால் பத்துப் பேர்தான். அதில் ஒருத்தி பராஸ்கா. அவள் அக்குளில் ஒரு மூட்டை. மூட்டையின் ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாக ஏதோ எட்டிப் பார்த்தது.

கையும் களவுமாக மாட்டினாள்! காகிதத்தை எடுத்துக்கொண்டு ருஸ்லானா ஓடினாள்.

இடுகாட்டு வாசலில் கால் ஒரு கணம் தயங்கியது. ஊர் திரும்பிய நாளிலிருந்து அவள் அங்கே வந்ததே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு அப்பா செத்தபோது போலந்துக் காகிதங்களில் ஏதோ சிக்கல், கிளம்ப முடியவில்லை. எல்லாம் முறைப்படி நடந்தது என்று போனில் சொன்னார்கள். அவளும் அதற்குமேல் கேட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே, குழிக்கு மேலே ஹ்னாத்தின் சவப்பெட்டி. அடியில் குறுக்காக மூன்று பூத்தையல் துண்டுகள். ஆறு ஆண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கம் அப்படித்தான் வழக்கம். அந்த நாளுக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் டிரங்குப் பெட்டியில் சொந்தத் துண்டு எடுத்து வைத்திருப்பார்கள். இறக்கியவர்கள் பிறகு அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

ஆனால் இந்த ஆறு பேரும் மண்ணை உதறி, துண்டுகளை மடித்துப் பராஸ்காவிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

"நீங்க எடுத்துக்கலையா?" என்றாள் ருஸ்லானா, டிராக்டர் ஓட்டும் ப்ரோகிப்பிடம்.

"ஹ்னாத்துக்குத் துண்டு எடுத்து வைக்க யாரும்மா இருந்தா? கயித்துல கட்டி இறக்க அவரென்ன மரக்கட்டையா? பராஸ்காதான் கொண்டுவந்தா. இதை நாங்க எடுத்துட்டா, அடுத்து யாருமில்லாம போறவனுக்கு என்ன பண்றது?"

ருஸ்லானா கையிலிருந்த காகிதத்தைக் கசக்கினாள். அவமானத்தில் அழுகை வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேனே அக்கா! ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா, எப்ப ஆரம்பிச்சது, முதல்ல யாருக்கு எடுத்தேன்னு கேப்பே."

"கேட்டா என்ன? யாருக்கு?"

பராஸ்காவின் கண் இரண்டு கல்லறை தள்ளியிருந்த இரும்புச் சிலுவைக்குப் போனது. ருஸ்லானாவும் பார்த்தாள். அதில் அவள் அப்பா ஒமெல்கோவின் பெயர்.

"நீ சொன்னது சரிதாம்மா," என்றாள் பராஸ்கா, அவள் தோளைத் தொட்டு. "உங்கப்பா அடுத்தவங்க துண்டைத் தொடல. நாங்கதான் அவர் சவப்பெட்டிக்கு அடியில கொடுத்தோம்."