மேற்கே சூலம்

தாமல் ஏரிக்கரை வந்ததும் கார் மறுபடியும் கொதித்தது.

நான் இறங்கி பானெட்டைத் தூக்கினேன். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது.

பின்சீட்டில் முதலாளியின் மனைவி தில்லையம்மாள் அம்மா தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். முதலாளி கலியாணசுந்தரம் தகர டின்னை எடுத்துக்கொண்டு, தானே ஏரியில் இறங்கினார். டிரைவர் நான் இருக்க அவர் எதற்குப் போகிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தாம்பூலம் மாற்ற வேலூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே இருக்கும் தன் அக்காவுக்கு முதலாளி கொடுத்த வாக்கு அது. மகள் குழலி தொட்டிலில் கிடந்தபோதே, உன் மகனுக்குத்தான் இவள் என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல் மாறாதவர் என்று பெரிய காஞ்சிபுரம் முழுக்கப் பெயர்.

இப்போது குழலிக்கு மெட்ராஸில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. தாம்பூலம் மாற்றிவிட்டால் படிப்பு அவ்வளவுதான். மருமகள் ஊசி போட்டு எங்களுக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை என்று அத்தை வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

ஆனியில் இன்றுதான் கடைசி முகூர்த்தம். இதை விட்டால் ஆடி. ஆடியில் நல்ல காரியம் பேச மாட்டார்கள், ஆனால் கல்லூரி திறந்துவிடும்.

ஏற்கெனவே இரண்டு தடவை கிளம்பினோம். இரண்டு தடவையும் இதே ரோட்டில் ரேடியேட்டர் தண்ணீர் மாயமாகி வண்டி நின்றது. சகுனம் சரியில்லை என்று அம்மா திருப்பச் சொல்லிவிட்டார்.

குழலியைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போனவன் நான். வண்டி நின்றதில் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஆனால் பழி என் தலையில் விழுந்ததே. "தண்ணி ஊத்தக்கூட துப்பில்ல" என்று பட்டுக் கடை ஆட்கள் எதிரில் முதலாளி திட்டியது இன்னும் உறுத்துகிறது.

ஊற்றினேன், சத்தியமாக. ஒவ்வொரு தடவையும் தளும்பத் தளும்ப ஊற்றி மூடியைத் திருகிய பிறகுதான், முதலாளி சொன்ன பூவை வாங்க சன்னதித் தெருவுக்குப் போனேன்.

மெக்கானிக் ஹோஸைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும், அதுவும் இல்லை. ஷெட்டுத் தரையில் ஈரமே கிடையாது. மெட்ராஸுக்குச் சரக்கு ஏற்றிப்போனால் ஒரு சொட்டு குறையாது. வேலூர் பக்கம் திருப்பினால் போதும், வற்றிவிடும்.

"வண்டிக்கும் மேற்கே சூலம்பா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயப் பட்டறையில் வேலை செய்யும் என் மனைவி வடிவாம்பாள்தான் வழி சொன்னாள். தண்ணீரில் அரக்குச் சாயம் கொஞ்சம் கரைத்து ஊற்று, எங்கே ஒழுகுகிறதோ அங்கே சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும் என்றாள். இன்று காலை யாரிடமும் சொல்லாமல் ஊற்றிவிட்டுத்தான் பூ வாங்கப் போனேன்.

இப்போது தேடினேன். ஹோஸ் சுத்தம். பம்பு சுத்தம். ரோட்டில் மல்லாந்து படுத்து அடியில் பார்த்தேன்.

தண்ணீரை வடிக்கிற திருகைச் சுற்றி மட்டும் சிவந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் மூடியிருந்தது.

எழுந்தேன். முதலாளி டின்னோடு நின்றிருந்தார். கிளம்பியதிலிருந்து மேல்துண்டுக்குள்ளேயே வைத்திருந்த வலது கை இப்போது டின்னுக்கு அடியில் தெரிந்தது. ஏரியில் கழுவியும் போகாமல் விரலெல்லாம் அரக்குச் சிவப்பு.

நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"புது நூல்பா. சாயம் விடுது."

கடைக்கு வருகிறவர்கள் எதிரில் புதுப் புடவையின் தலைப்பைச் செம்புத் தண்ணீரில் முக்கி எடுத்துக் காட்டுகிற மனிதர் இவர். உங்கள் பட்டு சாயம் விடுமாமே என்று விளையாட்டுக்குக் கேட்ட பக்கத்துக் கடைக்காரரிடம் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசாதவர்.

அக்காவிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஷெட்டில் குந்தி, வாளியில் தண்ணீரைப் பிடித்து, பின்னால் இருக்கிற வாழைக்கு ஊற்றத்தான் தெரிந்திருக்கிறது. திட்டு வாங்கிய ஆத்திரமெல்லாம் எனக்கு அங்கேயே ஆறிப்போனது.

டின்னை வாங்கிக்கொண்டு, என் தோளில் கிடந்த துண்டை அவர் கையில் போட்டு மூடினேன்.

"என்னப்பா பூவராகா, போகுமா?" அம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

"வேலூருக்குப் போகாதும்மா. இன்ஜின்லயே கோளாறு இருக்குது. ஆடி முடியற வரைக்கும் ஆவும்."

அம்மா தட்டை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"மெட்ராஸுக்கு?"

"கிழக்கேன்னா ஒரு சொட்டு குறையாதும்மா."

இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து தண்ணீர் ஊற்றினேன். முதலாளி முன்சீட்டில் ஏறி, துண்டு சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டார். காரைக் காஞ்சிபுரம் பக்கம் திருப்பினேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு பின்சீட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"வீட்டுக்குப் போனதும் கையைப் புளி போட்டுத் தேய்ங்க. நாளைக்கு உங்க அக்கா வந்து நிப்பாங்க."