அக்கம்பக்கம் எப்படி?

"இந்தத் தெருக் குழாயில தண்ணி வர்றதே இல்லீங்க" என்று நாகலெட்சுமி சொன்ன நேரம் பார்த்து, ஒருத்தி நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு குழாயடியிலிருந்து போனாள்.

வீடு பார்க்க வந்தவர் அதைக் கண்டும் காணாதவர் போல் குடையை மடக்கினார். கோட்டும் கரை வேட்டியும், ஏதோ ஊரில் கடை வைத்திருக்கிற முதலாளி என்று சொல்லின. எந்த ஊர் என்று நாகலெட்சுமி கேட்கவில்லை. எப்படியும் விரட்டப்போகிற ஆளுக்கு ஊர் என்ன, பெயர் என்ன?

ஹட்டன் கடைவீதிக்குப் பின்னால் இருந்த அந்த வீடு காலியாகிக் கொஞ்ச காலம் ஆகிறது. கண்டியில் இருக்கும் வீட்டுக்காரர், வருகிறவர்களுக்குத் திறந்து காட்டச் சொல்லி, பக்கத்து வீட்டு நாகலெட்சுமியை நம்பிச் சாவியைக் கொடுத்திருந்தார். அவளும் திறந்துதான் காட்டினாள். கூடவே வாயையும் திறந்தாள். வந்தவர்கள் யாரும் இரண்டாம் தடவை வரவில்லை.

காரணம் அவளுடைய ஒரே மகன் கணேசமூர்த்தி. தரகர் வடிவேல் அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார். தாயும் மகனும் இருக்கிற ஒற்றை அறையில் மருமகளும் வந்தால் எங்கே இருப்பது? "கல்யாணம் ஆனா மஸ்கெலியாவுல வீடு பார்த்துக்கிறேம்மா" என்று அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நிச்சயம் ஆனதும் இந்தக் காலி வீட்டையே மகனுக்குக் கேட்டுவிட வேண்டும். இரண்டு சம்பந்தம் தட்டிப்போன பிறகு, மூன்றாவது கைகூடுமுன் வீடு பிடித்தால் ஊர் சிரிக்கும். அதுவரை வீடு காலியாகவே கிடக்க வேண்டும்.

"என் மக இந்த ஊருக்குக் குடி வரப்போறாங்கம்மா" என்றார் வந்தவர். "கடைக்கும் கோயிலுக்கும் நடந்து போய் வர்ற மாதிரி இருக்கணும். தனியா நடந்தாலும் பயமில்லாத தெருவா இருக்கணும். கோயில் கிட்டவா?"

"கிட்டன்னு சொல்லுவாங்க. வழியெல்லாம் அட்டைங்க. சாமி கும்பிட்டு வர்றதுக்குள்ள கால்ல பாதி ரத்தம் போயிரும்."

"மலையில பொறந்த புள்ள, அட்டைக்கா பயப்படப்போகுது? பள்ளிக்கூடம்?"

"இருக்கு. ஆனா தேயிலப் பெட்டி ஏத்துன லாரி பூராவும் அந்த ரோட்டுலதான் போகும். புள்ளைய அனுப்பிட்டு, திரும்பி வர்ற வரைக்கும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கணும்."

"ஆஸ்பத்திரி?"

"டிக்கோயாவுக்குப் போகணும். போய்ச் சேர்றதுக்குள்ள ஒண்ணு சீக்கு போயிரும், இல்ல ஆளு போயிரும்."

அவர் அசையவில்லை. அடுப்படி புகை கக்கும், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டதற்கும் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, வேலிக்கு அந்தப் பக்கம் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்த நாகலெட்சுமியின் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கம்பக்கம் எப்படிங்கம்மா?"

நாகலெட்சுமிக்கு உயிர் வந்தது. அலுங்காமல் தன் வீட்டையே கைகாட்டினாள்.

"அந்த வீட்டுக்காரி இருக்காளே, பெரிய வாய்க்காரி. குழாயடியில அவகிட்டப் பேச்சு வாங்காத பொம்பளையே இந்தத் தெருவுல கெடையாது."

இதில் பொய் அதிகமில்லை.

"நீங்க எந்த வீடும்மா?"

"நானா? நான் மேல தெருவுங்க."

"சரி விடுங்க. வாய்ச் சண்டை எந்த ஊர்ல இல்ல?" என்று அவர் சிரித்தார்.

வீடு கைநழுவிப் போவது கண்ணெதிரே தெரிந்தது. மகன் மஸ்கெலியாவில், பேரப்பிள்ளையைப் பார்க்க இவள் பஸ்ஸுக்குக் காத்து நிற்பாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு அஸ்திரம். கண்ணை மூடிக்கொண்டு அதையும் எடுத்து விட்டாள்.

"அவளாவது பரவாயில்லீங்க. அந்த வீட்டுல ஒரு பையன் இருக்கான். பேருக்குத்தான் ஜவுளிக் கடை வேலை. பொழுது சாஞ்சா கள்ளுத் தவறணையிலதான் கெடப்பான். குடிச்சிட்டு வந்து பெத்தவ மேலயே கை நீட்டுறவன், அடுத்தவங்க வீட்டுப் பொண்ணுன்னா சும்மா விடுவானா?"

இருமலுக்குக் கொடுத்த கஷாயமே வாடை அடிக்கிறது என்று துப்பியவன் கணேசமூர்த்தி. பிள்ளையாருக்கு மனசுக்குள்ளேயே ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

வந்தவரின் முகம் கறுத்துவிட்டது. "நெசந்தானா?"

"பொய் சொல்லி எனக்கென்னங்க ஆகப்போகுது?"

அவர் குடையை விரித்தார். நாகலெட்சுமி கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்தாள். வீடு தப்பியது, மனசு குளிர்ந்தது.

படி இறங்கியவர் திரும்பி வந்து, கண் கலங்கக் கைகூப்பினார்.

"நீங்க நல்லா இருக்கணும் தாயீ. தரகர் வடிவேல் அந்தப் பையனைப் பத்தி ஆகா ஓகோன்னு சொன்னாரு. எதுக்கும் அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்னுதான் வீடு பாக்குற சாக்குல வந்தேன். நல்லவேளை, நானுஓயாவுலேருந்து இம்புட்டுத் தூரம் வந்தது வீண் போகல."

நாகலெட்சுமி வாயைத் திறந்தாள். சாவி முடிந்த முந்தானையாலேயே அதைப் பொத்திக்கொண்டாள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"நான் வந்துட்டுப் போனது மட்டும் அந்தப் பையனோட அம்மாவுக்குத் தெரிய வேணாம்."