சுவரில் எழுதிய மருந்து

குழந்தைகளின் தசை வலுவிழக்கும் நோய்க்கு மருந்து கண்ட மீனலோசனி, காப்புரிமை வேண்டாமென்று செய்முறை முழுவதையும் ஆய்வகத்தின் வெளிச்சுவரில் எழுதிவைத்தாள். யார் வேண்டுமானாலும் தயாரித்துக்கொள்ளலாம். ஒரு கம்பெனியும் தொடவில்லை. கேட்டதற்கு, "எங்களுக்கு மட்டும்னு குடுத்திருந்தா செஞ்சிருப்போம் மேடம். எல்லாரும் செய்யலாம்னா யாரு முதல் போடுவா?" என்றார் ஒரு மேலாளர். அந்த நோய் கண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சுவரின் முன் நின்றிருந்த பல்கீஸ் உள்ளே வந்து, மேசையில் வெள்ளைப் பீங்கான் தட்டையும் குங்குமப்பூ மையையும் எழுதும் குச்சியையும் வைத்தாள். "காய்ச்சல்னா பள்ளிவாசல் அசரத்து தட்டுல ஓதி எழுதித் தருவாரு. கழுவி அந்தத் தண்ணியக் குடுப்போம். சுவத்துல இருக்கறத இதுல எழுதிக் குடுங்க டாக்டரம்மா." மீனலோசனி குச்சியை மையில் தோய்த்தாள். ஓர் அளவும் தவறிவிடக் கூடாதென்று எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள்.