சொந்த அடுப்பு

தங்கச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் என் வீட்டுக் கதவுவழி விழும் வெயிலில், சுகாதார ஊழியர் ரஷ்மி காசநோய் மாத்திரையை நீட்டுகிறாள். அவித்த முட்டையோடு நிற்கிறாள் என் மனைவி கங்கம்மா. மாத்திரையை விழுங்கிவிட்டு முட்டையைத் தள்ளுகிறேன். பத்து நாளாக வெறுங்கஞ்சிதான். சத்தில்லாமல் கிருமி சாகட்டும்.

"தாத்தா, புரதத்துல இருக்கிற ஒரு சத்தை, கிருமிக்குக் கெடைக்கக்கூடாதுன்னு உடம்பே அழிச்சிடும். அப்பவும் அது சாகாது. அந்தச் சத்தை அதுவே செஞ்சுக்கும்," என்கிறாள் ரஷ்மி.

முறைக்கிறேன். ஸ்ட்ரைக்கில் நிர்வாகம் கேன்டீனை மூடியபோது, தொழிலாளிகள் நாங்கள் சுரங்க ஷாஃப்ட் வாசலிலேயே அடுப்பு மூட்டிப் பொங்கித் தின்றவர்கள். இந்தக் கிருமியும் அப்படித்தானா? இருமல் வந்து கதவைப் பிடித்துக்கொள்கிறேன். விலாவெலும்பு தோலை முட்டுகிறது.

"அப்போ பட்டினி கெடந்தது நான் மட்டுந்தானா?"

"இன்னா மூளைய்யா உனக்கு! அவன் உள்ள கொழுக்கிறான், நீ எலும்பா நிக்கிற," என்கிறாள் கங்கம்மா.

அவள் கையிலிருந்து முட்டையைப் பிடுங்குகிறேன். "இன்னும் ரெண்டு அவி."