ஒரே ஒரு வாக்கியம்

“‘கிவ் அப்’னா விட்டுடுறது. ‘கிவ் இன்’னா பணிஞ்சு போறது. ‘கிவ் பேக்’னா?”

“திருப்பிக் குடுக்கது, டீச்சர்.”

அற்புதமணி டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ‘கிவ்’ என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் சின்ன வாலாக ஒட்டிக்கொண்டு அர்த்தத்தையே புரட்டிப் போடும் இந்தச் சங்கதி, அவளிடம் ட்யூஷன் படிக்கும் காலேஜ் பிள்ளைகளுக்கே தண்ணி காட்டும். ஏரல் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் பாக்கியத்தாயோ எட்டாவது வரைதான் படித்தவள். திங்கட்கிழமை வந்து சேர்ந்தவள், அதற்குள் கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

டீச்சருக்கு இப்போது எதைப் பார்த்தாலும் சந்தோஷம்தான். முப்பத்து நாலு வயதுவரை தட்டிக்கொண்டே போன கல்யாணம் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை கிருபாநிதி, தூத்துக்குடியில் புது ஹார்பர் திறந்த கையோடு உத்தியோகத்துக்கு வந்தவர். பேச்சில் தேன் ஒழுகும். வேதக்கோயிலில் மாப்பிள்ளை, பெண் பேரைச் சொல்லி மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது. “இந்த விவாகத்துக்குத் தடை உண்டானால் சொல்லுங்கள்” என்று பாதிரி ஐயர் கேட்டபோதெல்லாம் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நல்லவேளை, யாரும் வாய் திறக்கவில்லை. வரும் ஞாயிறு மூன்றாவது ஓலை. அதையும் தாண்டிவிட்டால் தாலிதான்.

“ஏளா பாக்கியம், இவ்வளவு அவசரமா எதுக்கு இங்கிலீசு? வேலைக்கா?”

“இல்ல டீச்சர். ஒரு அம்மாகிட்ட ஒரே ஒரு வாக்கியம் பேசணும். அது போதும்.”

“என்ன வாக்கியம்?”

பாக்கியத்தாய் முந்தானையைத் திருகினாள். “எம் புருசனத் திருப்பிக் குடுத்துருங்கன்னு.”

டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் நழுவி விழுந்தது. “என்னளா சொல்லுத?”

“வேலைக்குன்னு போனவரு வீட்டுப் பக்கமே வரல, டீச்சர். ஆளு விட்டுக் கேட்டா, ‘நான் இங்கிலீசு பேசுதவளக் கெட்டப்போறேன், ஒனக்கு அதுல ஒரு வார்த்த தெரியுமா’ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. கையில பொட்டப்பிள்ள வேற.”

இப்படியும் ஒரு பாவி இருப்பானா? அவனைவிட அந்தப் பெண் மேல்தான் டீச்சருக்கு ஆத்திரம் பொங்கியது.

“பெண்டாட்டி பிள்ள இருக்கவனுக்கு எவளா அவ, கழுத்த நீட்டுதவ?”

“அந்த அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான் நெனைக்கேன். நல்ல அம்மாதான் டீச்சர்.”

“நல்லவளாவது! நீ பணிஞ்சு போகாத. அவ முகத்துக்கு நேரா நின்னு கேளு. கிவ் பேக் மை ஹஸ்பண்ட். எங்க, சொல்லு.”

“கிவ் பேக் மை ஹஸ்பண்ட்.”

“சத்தமா. என் கண்ணப் பாத்துச் சொல்லு.”

பாக்கியத்தாய் எழுந்து நின்றாள். டீச்சரின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். ஒரு தப்பும் இல்லை. கடைசியில் ‘ப்ளீஸ்’ என்று தானாகவே சேர்த்துக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

டீச்சர் விடுவிடுவென்று செருப்பை மாட்டினாள். “அழாத. வா, நானும் வாரேன். அந்த ஆளு பேரச் சொல்லு. என்னக் கட்டிக்கப்போறவருக்கு டவுன்ல தெரியாத ஆளே கிடையாது. அவர்கிட்டச் சொன்னா, எங்கன இருந்தாலும் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துருவாரு.”

“புருசன் பேர நான் எப்படி டீச்சர் சொல்லுவேன்?” பாக்கியத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “போன ஞாயித்துக்கெழம உங்க கோயில்ல தடை சொல்லத்தான் எந்திரிச்சேன். அப்பமும் அந்தப் பேரச் சொல்ல நாக்கு எழும்பல. ஐயர் ஓலை வாசிச்சாருல்லா... உங்க பேருக்கு முந்தி ஒரு பேரு வாசிச்சாரே, அதுதான் டீச்சர்.”