ஒரு குவளை பியர் நேரம்

ராதிமைப் படகில் கட்டி, படகோடு சேர்த்துக் கவிழ்க்க வேண்டும். பிளாங்காவின் கையிலிருக்கும் பியர் தீர்வதற்குள் அவன் வெளியே வந்துவிட வேண்டும். இதுதான் அவள் போட்ட நிபந்தனை.

வந்துவிட்டால் நாளை ராதிமின் கேனோவில் முன்துடுப்பு அவள். வராவிட்டால் ஹினெக்கின் கேனோவில்.

ஹினெக்கின் கேனோ புத்தம் புதியது. மண்டியிடுபவரின் தொடைகளைப் படகோடு பிணைக்கும் பட்டைகள் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தி வந்தவை. அவனுடைய பற்களும் அங்கிருந்தே வந்தவை என்பது ராதிமின் அபிப்பிராயம்.

"அவளுக்கு ஒரு குவளை ரெண்டே வாய்டா," என்றான் ஹினெக், கரையில் நின்று சாசேஜ் கடித்தபடி. "நான் போய் அவ சீட்டைத் துடைச்சு வைக்கட்டுமா?"

"முதல்ல உன் தாடியைத் துடை. கடுகு சாஸ் வழியுது."

பல வருடங்களாக காமெனிட்சே ஆற்றில் ராதிம் பின்னால், பிளாங்கா முன்னால். அவள் முகத்தைவிட அவள் பின்கழுத்தைத்தான் அவனுக்கு அதிகம் தெரியும். வேறொருவன் அதைப் பார்த்துக்கொண்டு துடுப்புப் போடுவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைத்துப் பார்த்தான். முடியவில்லை.

போன வசந்தத்தில் படகு கவிழ்ந்தபோது, ராதிம் கட்டிய பட்டைகள் அவளைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டன. படகுக்குள்ளேயே. தண்ணீருக்கு அடியிலேயே. ஆற்றில் பாதியைக் குடித்துவிட்டுக் கரையேறியவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கட்டத் தெரிஞ்சவனுக்கு அவுக்கத் தெரிய வேணாமா?"

அதனால் இந்த முறை ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு பக்கிள், ஒவ்வொரு பக்கிளுக்கும் ஒரு சிவப்பு வால். வாலை இழுத்தால் திறந்துகொள்ளும். கண்ணைக் கட்டிக்கொண்டு இழுத்துப் பார்த்தான். கையுறையோடு இழுத்தான். ரம் உள்ளே போனபின் இழுத்தான். எல்லா நிலையிலும் திறந்தது. ஒரு தடவை அவன் தும்மியதற்கே திறந்துகொண்டது. அதையும் சரிசெய்தான்.

முழங்காலுக்கு அடியில் வைக்கும் மெத்தைகளையும் அன்று மதியம்தான் புதிதாக ஒட்டினான். பசை இளகியிருக்கும்போதே அதன்மேல் மண்டியிட்டால் மெத்தை முழங்காலின் வடிவத்துக்கு வந்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும். எப்போது எழுந்துவிட வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ராதிம் எழவில்லை. பியர் கடையில் வரிசை நீளம். பிளாங்கா திரும்பி வரும்போது, பட்டைகளை மாட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, துடுப்போடு காட்சியளிக்க வேண்டும் என்று அப்படியே வெயிலில் மண்டியிட்டிருந்தான்.

அவள் குவளையோடு வந்து தண்ணீரோரம் உட்கார்ந்தாள்.

பட்டை கட்டியவன்தான் முதலில் கவிழ வேண்டும் என்பது ஆற்றுக்காரர்களின் சட்டம். பழைய மில்லுக்குக் கீழே, ஆறு ஓடாமல் நிற்கும் இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் இறங்கிய இருவர் படகின் விளிம்பைப் பிடித்தார்கள். கரையில் இருந்த கூட்டம் மொத்தமும் படகுக்காரர்களின் வணக்கமாக "அஹோய்!" என்று கத்தியது.

பிளாங்கா குவளையை வாயில் வைப்பதுதான் அவன் கடைசியாகப் பார்த்தது.

தலை கீழே போனது. மே மாதத் தண்ணீர் காதுக்குள் ஐஸாய்ப் புகுந்தது. இரண்டு வால்களையும் இழுத்தான். இரண்டும் தொட்டதும் கழன்றன. தண்ணீருக்குள் புன்னகைத்தான். கொஞ்சம் உள்ளே போனது.

பிறகு இடது காலை இழுத்தான். படகும் கூட வந்தது. வலது காலை இழுத்தான். அப்போதும் வந்தது.

பசை.

அவனுடைய டிராக் பேண்டும் மெத்தைகளும் மதிய வெயிலில் ஓருடலாகியிருந்தன.

கவிழ்ந்த படகுக்குள் கொஞ்சம் காற்று மிச்சமிருந்தது. மூக்கை அங்கே கொண்டுபோய் வைத்தான். இருட்டு. தகர டப்பாவுக்கு வெளியிலிருந்து கேட்பதுபோல ஹினெக்கின் குரல் கேட்டது. "குடி பிளாங்கா, குடி!"

அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுக்கடையில் இவன் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் அவள் இரண்டாவதைக் கேட்டிருப்பாள். ஆக, கதை முடிந்தது. பேசாமல் இங்கேயே இருந்துவிடலாமா என்று யோசித்தான். சாப்பாட்டுக்குத்தான் வழியில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. பேண்டின் இடுப்புக் கயிற்றைத் தேடிப் பிடித்தான்.

அது அவன் கட்டிய முடிச்சு. அவிழவில்லை.

இழுத்தான், நெளிந்தான், செக் மொழியில் இருக்கும் எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் காற்று தீரும் மட்டும் சொன்னான். கடைசியில் முடிச்சு அவிழாமலேயே பேண்ட் இடுப்பைத் தாண்டியது.

அவன் மேலே வந்ததும் கரை கைதட்டியது. பிறகு சிரித்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அன்றைக்கென்று பேண்டுக்குள் அவன் எதுவும் போட்டிருக்கவில்லை.

"நான்னா இந்நேரம் மூணு குவளை முடிச்சிருப்பேன்!" பிளாங்காவுக்குப் பின்னால் நின்று ஹினெக் கத்தினான். "எழுந்து வா பிளாங்கா, உன் சீட்டு காத்துக்கிட்டிருக்கு."

தோற்றது தோற்றதுதான். உயிர்காப்பு அங்கியைக் கீழே இழுத்துப் பிடித்தபடி, அதைச் சொல்லிவிடத்தான் ராதிம் பிளாங்காவின் பக்கம் திரும்பினான்.

குவளை இன்னும் அவள் வாயிலேயே இருந்தது. அவனைப் பார்த்ததும் மெதுவாக இறக்கினாள். மேலுதட்டில் நுரை மீசை.

குவளைக்குள் நுரை முழுக்க அடங்கிப்போயிருந்தது. அதற்கு அடியில், கடைக்காரர் ஊற்றித் தரும் அளவாகக் கண்ணாடியில் பொறித்திருந்த அரை லிட்டர் கோட்டிலேயே பியர் நின்றது.

"வந்துட்டியா," என்றாள் பிளாங்கா. "இன்னும் ஒரு வாய் பாக்கி இருக்கு."

சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் அதைக் குடித்து முடித்தாள்.