மினதி மாசியின் மோட்டார்

“இருட்டுலயே உட்கார்ந்திருக்கீங்களே, பாபா!” மேஜை விளக்கைப் போட்டபடி உள்ளே வந்தாள் மகள் தியாஷா.

சிபநாத் பாபு இசைத்தட்டிலிருந்து முள்ளைத் தூக்கினார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“கரகரன்னு ஒரே இரைச்சல்மா.”

“நீங்களே செஞ்ச ப்ரீ-ஆம்ப் பெட்டி. வேற எப்படி இருக்கும்?”

தட்டிலிருந்து வரும் மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் அந்தப் பெட்டியை ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பற்றவைத்தவர் அவர். அதைக் குறை சொன்னால் பொறுக்கமாட்டார்.

“பெட்டியில தப்பில்லை. லைன்ல வர்ற கரண்ட்தான் அழுக்கு.” கொஞ்சம் தயங்கினார். “கீழே குடியிருக்கிற மினதி தைக்கிறா இல்ல... அந்த மோட்டாரா இருக்கும்.”

அவ்வளவுதான். தியாஷா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறாள். வீட்டிலும் அதையேதான் நடத்துகிறாள். மினதியைச் சித்தி முறை வைத்து ‘மாசி’ என்றுதான் கூப்பிடுவாள்.

“துர்கா பூஜைக்கு மூணு வாரம்கூட இல்லை. தெருவே மாசிகிட்டதான் ரவிக்கை கொடுத்திருக்கு. நீங்க பாட்டுக் கேக்கணும்னு அவங்க பொழைப்பு நிக்கணுமா?”

“நிறுத்துன்னு நான் சொல்லலையே!”

“சொல்லாமலே பயமுறுத்துறதுதான் வீட்டுக்காரங்க வழக்கம். கீழ்வீட்டு ஏழைன்னா எந்தப் பழியையும் தூக்கித் தலையில போட்டுடலாம், இல்லையா?”

சாப்பாட்டு மேஜையிலும் இதே பேச்சு. மறுநாளும் இதே பேச்சு. மீனில் முள் எடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில், “சரிமா. பெட்டியை பேட்டரிக்கு மாத்திடறேன். அவ பாட்டுக்குத் தைக்கட்டும்” என்றார்.

சாந்தினி சௌக் கடைத்தெருவில் அலைந்து ரீசார்ஜ் பேட்டரிகள் வாங்கிவந்தார். பெட்டியைப் பிரித்தார், டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி வெளியே தனியாக வைத்தார். ஒரு சுவிட்ச் வைத்தார். இந்தப் பக்கம் தள்ளினால் சார்ஜ் ஏறும், அந்தப் பக்கம் தள்ளினால் பாட்டு. பாட்டு ஓடும்போது பெட்டிக்கும் கரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அன்று சாயங்காலம் தியாஷா வந்து விளக்கைப் போட்டாள். அவர் முள்ளை வைத்தார்.

கரகரப்பு இல்லை. பாடகி மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது.

“பார்த்தீங்களா? போராடாம எதுவும் கிடைக்காது!”

“ஆமாம்மா” என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு.

தியாஷா படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

“மாசி! இனிமே பயப்படாம மோட்டாரைப் போடுங்க. பாபாவை வழிக்குக் கொண்டுவந்துட்டேன்.”

மினதி மாசி உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள். “எந்த மோட்டாரும்மா? இது மிதிக்கிற மிஷினாச்சே. நீ பிறக்கிறதுக்கு முன்னாலேருந்து மிதிச்சிட்டிருக்கேன்.”

தியாஷா குனிந்து பார்த்தாள். முதல் தடவையாக.

“அப்போ... அந்த இரைச்சல்?”

“உன் பாபா அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு. ‘பழியை உன் மேல போட்டுட்டேன் மினதி, கோவிச்சுக்காதே’ன்னு.” மாசி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். “டியூஷன் எடுத்த முதல் சம்பளத்துல அவருக்கு ஒரு மேஜை விளக்கு வாங்கிக் கொடுத்தியாமே. நீ ஆசையா அதைப் போடுறப்பதான் கரகரங்குதாம்.”